கேன்ஸ் படியேற வேட்டி போதுமா, கோட்டு வேண்டுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். அவர் மகள் ஒரு குறும்படத்தில் ஒளிப்பதிவு உதவியாளராக வேலை பார்த்திருக்கிறாள். படக்குழுவில் நாலு பேர் மே மாதம் பிரான்ஸில் நடக்கும் கேன்ஸ் திரைப்பட விழாவுக்குப் போகிறார்கள். இயக்குநர் பையன் வேட்டி கட்டித்தான் படியேறுவேன் என்று நிற்கிறான். மகளுக்குச் சுங்குடிச் சேலை ஆசை. டக்ஸீடோ (சாட்டின் காலர் வைத்த கறுப்புக் கோட்டு, பேண்ட்) கட்டாயமா, ஹீல்ஸ் போடாத பெண்களைத் திருப்பி அனுப்புவார்களாமே, கோட்டை மதுரையிலேயே தைக்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். சினிமாவுக்கும் விளம்பரப் படங்களுக்கும் உடை அமைக்கும் வேலையில் நான் மதுரையில் பல வருடங்களாக இருப்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அண்ணே, துணிக்கடைக்குப் போகும் முன்னால் அந்தப் பிள்ளைகள் கையில் இருக்கும் அழைப்பு எதற்கானது என்று பாருங்கள். கேன்ஸில் உடை விதி விழா முழுவதற்கும் கிடையாது. லூமியேர் என்ற பெரிய அரங்கில் மாலை ஏழு மணி, இரவு பத்து மணி வாக்கில் நடக்கும் 'காலா' (gala, கோலாகல விழாக் காட்சி) திரையிடல்களுக்குத்தான் அந்தக் கண்டிப்பு. நீங்கள் டிவியில் பார்க்கும் 24 படிகளும் சிவப்புக் கம்பளமும் அந்த அரங்கின் வாசல்தான். பகல் காட்சிகளுக்கும் மற்ற அரங்குகளுக்கும் பார்க்கிற மாதிரி உடுத்தி வந்தால் போதும். 1959-லிருந்து விழாவோடு ஒட்டி நடக்கும் படச் சந்தைக்கும் அப்படித்தான். அங்கே பாதிப் பேர் ஜீன்ஸில் திரிவார்கள்.

கொஞ்சம் கசப்பான விஷயம் ஒன்று. 'கேன்ஸில் திரையிடப்பட்டது' என்று நம் பத்திரிகைகளில் வரும் படங்களில் பல, இந்தச் சந்தையில் காசு கட்டி அரங்கெடுத்துப் போட்டவை. அதில் தப்பில்லை, வியாபாரத்துக்கு அது நல்ல இடம். ஆனால் சந்தைக்கான அனுமதி அட்டையை வைத்துக்கொண்டு காலா படிகளில் ஏற முடியாது; அதற்குத் தனியாக டிக்கெட் வேண்டும். பிள்ளைகளிடம் அந்த டிக்கெட் இல்லையென்றால், கோட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை ஹோட்டல் வாடகைக்கு வைத்துக்கொள்ளட்டும். கேன்ஸில் மே மாதத்து ரூம் வாடகை எந்தக் கோட்டு விலையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

காலா டிக்கெட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 2025 விழா தொடங்குவதற்கு முந்தின நாள், மே 12 அன்று, விதிகளைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆண்களுக்கு டக்ஸீடோ, இல்லாதவர்கள் கறுப்பு அல்லது கருநீல சூட்டும், போ டையோ (பட்டாம்பூச்சி வடிவ டை) அடர்நிற டையோ கட்டி வரலாம். பெண்களுக்கு நீள உடுப்பு, அல்லது காக்டெய்ல் உடுப்பு, அல்லது அடர்நிற பேண்ட் சூட், அல்லது கறுப்பு பேண்ட்டோடு நல்ல மேல்சட்டை. காலில் நேர்த்தியான ஷூவோ செருப்போ, ஹீல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஸ்னீக்கர்ஸ் கூடாது. முதுகுப்பை, துணிப்பை, பெரிய கைப்பை எதுவும் கூடாது. அதாவது நம்ம மஞ்சப்பையும் உள்ளே போகாது. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவை இரண்டு: நிர்வாணம் கூடாது, தரையில் இழுபட்டுவரும் பெரிய வால் வைத்த உடுப்பு கூடாது. வாலுக்குத் தடை போட்டதற்கு அவர்கள் சொன்ன காரணம், பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபடுகிறது, உள்ளே உட்காரவும் சிரமம் என்பது. அந்த வருடம் நடுவர் குழுவில் இருந்த ஹேலி பெர்ரி, நம்ம நாட்டு வடிவமைப்பாளர் கௌரவ் குப்தா செய்த உடுப்பைத் தொடக்க நாளுக்கு எடுத்து வைத்திருந்தார். வால் நீளம் என்பதால் கடைசி நேரத்தில் வேறு உடுத்தினார். இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், ஆகவே நான் சொன்னதை அப்படியே நம்பிப் போகாமல் அந்த வருடத்து விதியை விழாவின் தளத்தில் ஒருமுறை படித்துவிடச் சொல்லுங்கள்.

விதியில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் அது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்த்தால் வேறு கதை தெரியும்.

1953-ல் ஆட்டுத்தோல் கோட்டோடு வந்த பிக்காசோவை உள்ளே விட்டார்கள். 2015-ல் தட்டைச் செருப்பு போட்டு வந்த நடுத்தர வயதுப் பெண்கள் சிலரை, 'கரோல்' படத் திரையிடலுக்கு விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அதே வருடம் வலேரியா ரிக்டர் என்ற தயாரிப்பாளரைப் பலமுறை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அவருக்குப் பாதத்தில் ஒரு பகுதி அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்டது, ஹீல்ஸ் போடவே முடியாது. இயக்குநர் ஆசிஃப் கபாடியாவின் மனைவிக்கும் அதே அனுபவம். விழா இயக்குநர் தியெரி ஃப்ரெமோ, 'ஹீல்ஸ் கட்டாயம் என்று விதியே இல்லை' என்றார். விதியில் இல்லைதான், வாசலில் நின்ற ஆளுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. அடுத்த வருடம் ஜூலியா ராபர்ட்ஸ் வெறுங்காலோடு படியேறினார். 2018-ல் கிறிஸ்டன் ஸ்டூவர்ட் கம்பளத்திலேயே ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். 2023-ல் ஜெனிஃபர் லாரன்ஸின் நீளச் சிவப்பு கவுனுக்குக் கீழே ரப்பர் செருப்பு எட்டிப் பார்த்தது. இவர்கள் யாரையும் யாரும் நிறுத்தவில்லை.

ஆகவே உங்கள் மகளுக்கு என் பதில்: ஹீல்ஸ் கட்டாயமில்லை, இப்போது அது எழுத்திலும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளட்டும். பிரபலங்களுக்குத் தளரும் விதி, டிக்கெட்டோடு வரும் சாதாரண ஆளிடம்தான் விறைப்பாக நிற்கும். அந்த விறைப்பை மனதில் வைத்துத்தான் உடையை முடிவு செய்ய வேண்டும்.

வேட்டிக்கு வருகிறேன். எழுதியிருக்கும் விதியில் வேட்டி இல்லை. ஆனால் பாரம்பரிய உடையில் அந்தப் படிகளில் ஏறியவர்கள் நிறைய. 2022-ல் படச் சந்தையில் இந்தியாவைச் சிறப்பு விருந்தினர் நாடாக வைத்தார்கள். அந்த வருடம் ராஜஸ்தான் நாட்டுப்புறப் பாடகர் மாமே கான் அவர் ஊர் உடையில், தலைப்பாகையோடு, இந்தியக் குழுவில் நடந்தார். அவர் அரசுக் குழுவில் போனவர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவரை வாசலில் நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்? அதே வருடம் அதே கம்பளத்தில் நடந்த இன்னொன்றையும் இயக்குநர் தம்பிக்குச் சொல்லுங்கள். கெல்வின் ரெட்வர்ஸ் கனடாவின் டெனே பழங்குடியைச் சேர்ந்த படத் தயாரிப்பாளர். முறையான டக்ஸீடோ, போ டை எல்லாம் போட்டுக்கொண்டு, காலில் மட்டும் தன் மக்களின் தோல் காலணியான மொக்கசின் அணிந்து வந்தார். கம்பளத்திலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். பிறகு விழாத் தரப்பு மன்னிப்புக் கேட்டு, வேறொரு படத்துக்கு அதே மொக்கசினோடு வரச் சொன்னது. ஆனால் அவர் ஆசையாகப் போன முதல் படம் போனது போனதுதான்.

தம்பி உடனே காந்தியை இழுப்பான். 1921 செப்டம்பர் 22 அன்று நம்ம மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். பத்து வருடம் கழித்து அதே கோலத்தில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் போனார். சரிதான். ஆனால் அவர் அரண்மனைக்காரர்களே அழைத்த விருந்தாளி. குறும்பட இயக்குநரின் டிக்கெட்டைச் சரிபார்க்கப்போவது மன்னர் இல்லை, பின்னால் நிற்கும் ஆயிரத்துச் சொச்சம் பேரை அரை மணி நேரத்தில் உள்ளே தள்ள வேண்டிய அவசரத்தில் இருக்கும் காவலாளி. அவருக்கு வேட்டி என்றால் இடுப்பில் சுற்றிய வெள்ளைத் துண்டு.

வெள்ளைக்காரனைக் குறை சொல்லும் முன்னால் நம்ம ஊரையும் பார்த்துக்கொள்வோம். 2014-ல் சென்னையில் ஒரு கிளப் விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தினார்கள். அதற்கப்புறம்தான் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்து, வேட்டிக்குத் தடை போடும் கிளப்புக்கு 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருடம் வரை சிறை என்று வைத்தார்கள். அந்தச் சட்டம் செங்கோட்டை தாண்டினாலே செல்லாது, கேன்ஸில் எங்கே செல்லப்போகிறது?

வேட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுகிற விதம் இருக்கிறது. வெறும் சட்டை, வேட்டி, தோளில் துண்டு என்று போனால் அந்த வாசலில் அது கல்யாண வீட்டு உடை கூட இல்லை, வீட்டு உடை. நம்ம பக்கத்தில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. நூறு வருடத்துக்கு முந்தைய மதராஸ் வக்கீல்களின் படங்களைப் பாருங்கள்: வேட்டி, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கறுப்புத் தோல் ஷூ. டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக இருந்தபோதும் நீளக் கோட்டும் வேட்டியும் தலைப்பாகையும்தான். கறுப்பிலோ கருநீலத்திலோ நல்ல கழுத்து மூடிய கோட்டு, கீழே எட்டு முழ டபுள் வேட்டி, கறுப்புத் தோல் ஷூ. இதைப் பார்க்கும் யாருக்கும் இது ஒரு நாட்டின் முறையான உடை என்று ஒரே பார்வையில் புரியும். வேட்டி பட்டாக இருந்தால் வழுக்கும், மெல்லிய நூலில் நெய்த நல்ல பருத்தியே போதும். உள்ளே பெல்ட் கட்டாயம். வெல்க்ரோ வைத்த வேட்டி கட்டினாலும் நான் கேலி செய்ய மாட்டேன். 24 படி ஏறும்போது உதவிக்குக் குலசாமி மட்டும் போதாது. தோல் செருப்பு வேண்டவே வேண்டாம், மொக்கசின் கதை ஞாபகம் இருக்கட்டும்.

பெட்டியில் மடித்து ஒரு கறுப்பு சூட்டும் டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அது தோல்வி இல்லை. சொந்தப் படம் ஓடும் நேரத்தில் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருப்பதுதான் தோல்வி.

சேலைக்கு இந்தப் பயம் எதுவும் இல்லை. 2002-ல் 'தேவதாஸ்' படத்துக்காக ஐஸ்வர்யா ராய் கட்டிப்போன மஞ்சள் சேலையிலிருந்து, 2025-ல் அவர் கட்டிய வெள்ளைப் பனாரஸ் வரை, அந்தப் படிகளுக்குச் சேலை பழக்கமானதுதான். எனக்கு மிகவும் பிடித்தது 2024-ல் சாயா கதம் கட்டியது. பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' முப்பது வருடத்துக்கு அப்புறம் போட்டிப் பிரிவில் நுழைந்த இந்தியப் படம், கிராண்ட் பிரீ விருதும் வாங்கியது. அதில் நடித்த சாயா கதம், இறந்துபோன தன் அம்மாவின் சேலையையும் மூக்குத்தியையும் போட்டுக்கொண்டு அந்த விழாவுக்குப் போனார். கோடிக்கணக்கில் வைரம் மின்னிய இடத்தில் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த அந்தச் சேலையைத்தான் இங்கே பலரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

சுங்குடி நல்ல தேர்வு. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய துணி. ஆனால் விளக்குத்தூண் பக்கம் கடை கடையாகத் தொங்குவதில் பெரும்பாலானவை அச்சடித்தவை. அவ்வளவு தூரம் போகிற சேலை கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதாக இருக்கட்டும். அடையாளம் எளிது: இஸ்திரி போடாத துணியில் ஒவ்வொரு புள்ளியும் சின்னதாகச் சுருங்கி மேடாக நிற்கும், இரண்டு புள்ளிகள் ஒரே அச்சாக இருக்காது. முடிச்சுப் போடும் பெண்கள் குறைந்துவிட்டார்கள், அதனால் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், இப்போதே ஆரம்பியுங்கள்.

நிறத்தில் கவனம். நமக்கெல்லாம் கை தானாகப் போவது அரக்குச் சிவப்புக்கு. சிவப்புக் கம்பளத்தில் சிவப்புச் சேலை கரைந்துபோய், படத்தில் தலை மட்டும் தனியாக மிதக்கும். மயில் கழுத்து நிறம், கரும்பச்சை, கறுப்பு எடுப்பாக இருக்கும். பொடிப்பொடிப் புள்ளி பத்தடி தள்ளி நின்றால் கேமராவுக்குத் தெரியாது, கொஞ்சம் பெரிய புள்ளியாக, நிற வேறுபாடு பளிச்சென்று இருப்பதாகப் பாருங்கள். கஞ்சி லேசாகப் போதும். விறைப்பாகப் போட்டால் பருத்திச் சேலை ஆளைச் சுற்றி நின்றுவிடும், ஒல்லியான பெண்ணும் படத்தில் பருமனாகத் தெரிவாள். பெட்டியில் மடித்து வைக்காமல் அட்டைக் குழாயில் சுற்றிக் கொண்டுபோனால் மடிப்புக் கோடு விழாது.

கட்டும்போது அன்று போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும். முன்கொசுவம் தரையிலிருந்து ஒரு விரல்கடை மேலே நிற்கட்டும். வீட்டு மாடிப்படியில் கொசுவத்தைக் கையால் தூக்காமல் இரண்டு தரம் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். இப்போது கடைகளில் உடம்போடு ஒட்டுகிற மீன்வால் உள்பாவாடை விற்கிறார்கள். நின்று போஸ் கொடுக்க அழகு, படியேற ஆகாது. சாதா பருத்திப் பாவாடைதான் சேலையைப் பிடித்து நிற்கும். முந்தானை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடியட்டும். தரையில் புரண்டால் வால் விதியைக் காட்டி யாராவது நிறுத்தலாம், பின்னால் வருகிறவர் மிதிக்கவும் செய்வார். அப்புறம் வெளிச்சச் சோதனை: இருட்டறையில் நிற்கவைத்து போன் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். வெயிலில் கனமாகத் தெரியும் ரவிக்கைத் துணி ஃபிளாஷில் கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதுண்டு. மல்லிகைப்பூ ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் அங்கே போய்ச் சேரும்போது பழுப்பாகிவிடும். அதற்காகப் பிளாஸ்டிக் பூவை வைத்துவிட வேண்டாம், வெறும் கொண்டையே அழகு.

மீதி இருக்கும் ஆண்களுக்குக் கோட்டு. மதுரையில் தாராளமாகத் தைக்கலாம், ஆனால் யாரிடம் என்பது முக்கியம். புதுமண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து தைத்தவர்கள், இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருப்பவர்கள், அழகர் திருவிழா வேட உடைகளில் மன்னர்கள். டக்ஸீடோ அவர்கள் வேலை இல்லை. டவுன் ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் கோட்டு மட்டுமே வெட்டுகிற பழைய கட்டிங் மாஸ்டர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள். 'கோட்டு சூட்' என்று மட்டும் சொன்னால் கல்யாண மாப்பிள்ளைக் கோட்டைத் தைத்துவிடுவார்கள்: பளபளத் துணி, மார்பில் கல் வைத்த புரோச், மெரூன் நிறம். அது ரிசப்ஷன் மேடைக்கு.

டக்ஸீடோ என்றால் காலர் மடிப்பில் மட்டும் கறுப்பு சாட்டின், மற்ற இடமெல்லாம் மினுமினுப்பு இல்லாத கறுப்பு. மடிப்பு கூராக மேல் நோக்கி இருக்கலாம், அல்லது வெட்டே இல்லாமல் சால்வை போல உருண்டு வரலாம். சாதாரண கோட்டின் வெட்டு வைத்தால் ஆபீஸ் கோட்டுக்கு சாட்டின் ஒட்டியது போல இருக்கும். ஒரே பொத்தான். பேண்ட்டில் பெல்ட் மாட்டும் வளையம் இருக்கக் கூடாது, வெளிப்பக்கத் தையல் நெடுக ஒரு சாட்டின் பட்டை. இரட்டை அகலத் துணியில் ஆளுக்கு மூன்றேகால் மீட்டர் வாங்கினால் போதும். முழுப் பாலியஸ்டர் வேண்டாம், ஃபிளாஷில் மினுங்கும். கம்பளி கலந்த டெரிவூல் எடுத்தால் திரும்பி வந்தபிறகும் உதவும். இரண்டு டிரையல் பாருங்கள், இரண்டாவதில் கையைத் தூக்கி, உட்கார்ந்து, படியேறிப் பார்க்கட்டும். வாடகைக் கோட்டில் தோள் சரியாக இருந்தால் மட்டும் எடுங்கள். கை நீளத்தையும் இடுப்பையும் அரை நாளில் சரி செய்யலாம், தோளை யாராலும் சரி செய்ய முடியாது.

என்னைக் கேட்டால் டக்ஸீடோவே தேவையில்லை. சாதாரண கறுப்பு சூட்டும் கறுப்பு டையும் விதிப்படி செல்லும், அப்புறம் வேலைக்கான நேர்காணலுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் ஆகும். டக்ஸீடோ ஒரு நாள் கூத்து.

இதையெல்லாம் படித்துவிட்டு, டிவியில் வருவது போல யானைக்கால் அளவு சட்டைக்கைகளும் பத்தடி இறகுமாக ஏன் இல்லை என்று மகள் கேட்டால் ஒன்று சொல்லுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று ஊரே கண் கொட்டாமல் பார்க்கும், பச்சை என்றால் அந்த வருடம் விளைச்சல் என்று சந்தோஷப்படும். கேன்ஸிலும் யார் என்ன நிறம் என்று உலகமே பார்க்கிறது, ஆனால் அங்கே விளைச்சல் கம்பெனிகளுக்கு. அழகுசாதனக் கம்பெனியான லோரியால் 1997-லிருந்தும், நகைக்காரர்களான ஷோபார் 1998-லிருந்தும் விழாவின் கூட்டாளிகள். நம் நடிகைகள் பலர் அங்கே போவது படத்துக்காக இல்லை, அந்த அழகுசாதனக் கம்பெனியின் தூதுவராக. உடுப்பும் நகையும் பெரும்பாலும் இரவல். மறுநாள் திருப்பிக் கொடுப்பார்கள். 2024-ல் உத்தரப் பிரதேசத்துக் கிராமப் பெண் நான்சி தியாகி, தானே தைத்ததாகச் சொன்ன இருபது கிலோ இளஞ்சிவப்பு கவுனில் வந்தபோது அவ்வளவு பேச்சு எழுந்ததற்கும் இந்த இரவல் வழக்கம்தான் காரணம்.

எல்லா விழாவும் கேன்ஸ் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் எடுத்த 'கூழாங்கல்' 2021-ல் புலி விருது வாங்கிய ராட்டர்டாமிலும், அதே பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024-ல் போன பெர்லினிலும் இந்தக் கெடுபிடி கிடையாது. இரண்டுமே கடுங்குளிர் மாதத்தில் நடப்பவை. அங்கே போக வேண்டி வந்தால் கோட்டுத் துணியை விட உள்ளே போடும் கம்பளி பனியன்தான் முக்கியம்.

வேட்டி விஷயத்துக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி. அழைப்பு அனுப்பிய பிரிவுக்கே இயக்குநர் ஒரு மெயில் எழுதட்டும், ஏப்ரலுக்குள். 'வேட்டி தமிழ்நாட்டு ஆண்களின் முறையான விழா உடை. இன்ன தேதி, இன்ன திரையிடலுக்கு, கறுப்புக் கோட்டோடும் ஷூவோடும் அணிந்து வர விரும்புகிறேன். அனுமதியை எழுத்தில் தரவும்' என்று நாலு வரி, கூடவே முழு உடையோடு நின்று எடுத்த ஒரு படம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அனுப்பலாம். பதில் வந்தால் காகிதத்தில் அச்செடுத்துக் கோட்டின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்ளட்டும். மே முதல் வாரம் வரை பதில் வராவிட்டால் பெட்டியில் இருக்கும் கறுப்பு சூட்டையே போட்டுக்கொண்டு போகட்டும். மறுநாள் காலையில் கடற்கரை நடைபாதையில் வேட்டியோடு நின்று எவ்வளவு படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அங்கே கேட்பாரில்லை.